மிஸ்ஸி அன்ரி பதில்கள்: மிஸிஸ் பீற்றன் கிழவியல்ல

கேள்வி: அன்ரி, அம்மம்மாவின் றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கும்போது அட்டை கழன்ற ஆங்கிலச் சமையல் புத்தகம் ஒன்று கிடைத்தது. மிஸிஸ் பீற்றன் என்பவர் எழுதியது. பெரிய வீடு வாசலை ஆண்ட ஒரு வயதான அம்மாவாக்கும் என்று நினைத்தேன். கனடாவிலிருக்கும் மச்சாள், அவர் 28 வயதிலேயே செத்துப்போனார் என்கிறாள். உண்மையா? என்ன வருத்தம்? (வாசகி, கோண்டாவில்)

பதில்: மச்சாள் சொன்னது சரிதான், பிள்ளை. நானும் கனகாலம் அவரைக் கொண்டை போட்டு, இடுப்பில் சாவிக்கொத்துச் செருகின கிழவியாகத்தான் மனதில் வைத்திருந்தேன். அப்படி நினைக்க வைத்ததில் பதிப்பகத்தாருக்கும் பங்கு உண்டு. அவர் இறந்த மறுவருடமே, 1866இல், கடனில் விழுந்த கணவர் புத்தகத்தின் உரிமையை விற்றார். வாங்கினவர்கள் சாவுச் செய்தியை வெளியே விடவில்லை. புத்தகம் பதிப்புப் பதிப்பாகப் பெருத்துக்கொண்டே போனது. செத்த மனுசி எழுதிக்கொண்டே இருந்தா.

பெயர் இசபெல்லா. 1836இல் லண்டனில் பிறந்தவர். தாய் இரண்டாந்தரம் கலியாணம் செய்ததில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்த்து 21 பேர். பெண்பிள்ளைகளில் மூத்தவர் இவர். தாயின் கணவருக்கு எப்சம் குதிரைப் பந்தயத் திடலில் உத்தியோகம். பந்தயம் இல்லாத நாட்களில் இந்தப் பட்டாளம் பார்வையாளர் மண்டபத்தில் கிடந்து வளர்ந்திருக்கிறது. 20 வயதில் சாமுவேல் பீற்றன் என்ற பத்திரிகை வெளியீட்டாளரைக் கட்டினார். 25 வயதில், 1861இல், அந்தத் தடித்த புத்தகம் வந்தது. 1,112 பக்கம். முதல் வருடத்திலேயே 60,000 பிரதி விற்றது. குறிப்புகளில் பெரும்பாலானவை வேறு புத்தகங்களிலும் வாசகிகளின் கடிதங்களிலும் இருந்து எடுத்தவை. கறித்தூள் பக்கத்தைத் திறந்து பாருங்கள், மல்லியும் மஞ்சளும் சம நிறை! பெரிய கரட்டை இரண்டேகால் மணித்தியாலம் வரை அவிக்கச் சொல்கிறார். அம்மம்மா அதைப் பார்த்துச் சமைத்திருக்க மாட்டா என்றுதான் நம்புகிறேன்.

சரி, சாவுக்கு வருவோம். முதல் பிள்ளை கைக்குழந்தையாகவே போனது. இரண்டாவது மூன்று வயதில். மூன்றாவது தப்பியது. 1865 ஜனவரி 29ஆம் திகதி, அடுத்த புத்தகத்தின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தவருக்கு நோக்காடு கண்டது. அன்றே நாலாவது ஆண்பிள்ளை பிறந்தது. மறுநாள் காய்ச்சல். பெப்ரவரி 6ஆம் திகதி முடிந்துவிட்டது. பிள்ளை உயிரோடு தங்கினான்.

பிள்ளைப்பேற்றுச் சன்னி என்று எங்கள் கிழவிகள் சொன்னது இதைத்தான். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் விழுந்த கருப்பை ஒரு திறந்த புண். கையாலோ கருவியாலோ துணியாலோ கிருமி உள்ளே போனால், இரண்டு மூன்று நாளில் குளிர்காய்ச்சல் தொடங்கும், அடிவயிறு தொடவிடாமல் நோகும், பிறகு இரத்தமே நஞ்சாகிப் பிதற்றல். அந்தக் காலத்தில் மருந்து இல்லை. பணக்காரிக்கு அது வராது என்றும் இல்லை. வைத்தியர் வந்து பார்க்கிற வீடுகளிலும் வந்தது. காலையில் ஒரு சன்னிக்காரியைப் பார்த்த கையோடு பின்னேரம் இன்னொருத்திக்குப் பிள்ளைப்பேறு பார்த்தால் வராமல் என்ன செய்யும்?

எனக்கு இதில் பொறுக்காத விஷயம் வேறு. 1865க்கு 18 வருடம் முந்தியே வழி தெரிந்துவிட்டது. வியன்னாவில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. மருத்துவ மாணவர் வேலை செய்த விடுதியில் 1846இல் நூற்றுக்குப் பதினொருவர் செத்தார்கள், மருத்துவிச்சிகள் பார்த்த விடுதியில் அதைவிட எவ்வளவோ குறைவு. மாணவர்கள் பிணம் அறுத்துவிட்டு நேரே வந்து தாய்மாரைச் சோதித்தார்கள், அதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கண்டுபிடித்தார். குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வைத்தார், எங்கள் கிணறுகளுக்குச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா போடுகிற குளோரின் மாவும் அதே இனம்தான். 1848இல் சாவு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. பெரிய வைத்தியர்கள் பலர் கேட்கவில்லை. கனவான்களின் கை அழுக்காம் என்றால் கோபம் வராதா? அந்த மனிதரை மனநோய் விடுதியில் அடைத்தார்கள். காயம் சீழ்பிடித்து அங்கேயே செத்தார். அது 1865 ஓகஸ்ட், இசபெல்லா போய் ஆறு மாதம். அதே ஓகஸ்டில்தான் கிளாஸ்கோவில் லிஸ்டர் என்ற அறுவை வைத்தியர் கிருமி கொல்லக் கார்போலிக் அமிலத்தை ஒரு பையனின் முறிந்த காலில் போட்டுப் பார்த்தார்.

நான் மருத்துவமாதுப் பயிற்சிக்குப் போன முதல் கிழமை எங்கள் மேற்றன் வேறொன்றும் படிப்பிக்கவில்லை. நகம் வெட்டு, முழங்கை வரை தேய், சுவர் மணிக்கூட்டைப் பார், ஐந்து நிமிடம். "காட்டு" என்பா. கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும், முழங்கையால் தண்ணீர் சொட்டும். ஒரு விரலிடுக்கு வெள்ளையாக இல்லாவிட்டால் திரும்ப முதலிலிருந்து. மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

பிறகு தொண்ணூறுகளில், சண்டை நேரம், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடைக் காலம் வந்தது. சவர்க்காரம் கண்ணிலும் காணக் கிடையாது. வீட்டு உடுப்பெல்லாம் பனம்பழக் களியில் தோய்ப்போம். கொடியில் போட்டால் மாடு வந்து சப்பும். ஒரு சவர்க்காரக் கட்டி கிடைத்தால் தையல் நூலால் எட்டாக அறுத்து, பால்மா ரின்னில் பூட்டி வைப்பேன். ஒரு துண்டு ஒரு பிள்ளைப்பேற்றுக்கு. ஜாம் போத்தல் விளக்கில் முகம்கூடச் சரியாகத் தெரியாத இரவுகளிலும் அந்தத் துண்டு கரையும்வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன். என் மகன் அப்போது சின்னவன், குளிக்க ஒரு துண்டு கேட்டு அழுதான். கொடுக்கவில்லை. இன்றும் சொல்லிக்காட்டுவான்.

கேள்வி: எங்கள் பூட்டிக்கு முன்னம் பூட்டனுக்கு வேறொரு பெண்சாதி இருந்தாவாம். விக்டோரியா மகாராணி காலம். 19 வயதில், தலைப்பிள்ளை பிறந்து ஆறாம் நாள் செத்தாவாம். கொத்தி அடித்தது என்பார்கள். அதுவும் இந்தச் சன்னிதானா? (வாசகர், அளவெட்டி)

பதில்: கொத்திப் பேய்க்குப் பயந்து அறைக்குள் இரும்பு வைத்ததும் வேப்பிலை செருகினதும் எங்கள் வீட்டிலும் நடந்ததுதான், தம்பி. ஆறாம் நாள் என்கிறபடியால் சன்னியாக இருக்க இடம் உண்டு. பெரியவர்களிடம் கேளுங்கள்: காய்ச்சல் காய்ந்து பிதற்றினாவா? அப்படியென்றால் சன்னி. கைகால் வெட்டி இழுத்து நினைவு தப்பியிருந்தால் அது பிரசவ வலிப்பு, வேறு வருத்தம்.

மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் 1857இலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார். இணுவிலில் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி திறந்தது 1890களின் கடைசியில். ஆனாலும் புத்தகமும் ஆஸ்பத்திரியும் மாட்டுவண்டித் தூரத்துக்கு அப்பால் என்றால், நோக்காட்டுக்காரிக்கு என்ன பிரயோசனம்?

வயிற்றுப்பிள்ளையோடு செத்தவளின் நினைவாகத் தெருவோரம் சுமைதாங்கி கட்டுவது எங்கள் வழக்கம். உங்கள் ஒழுங்கைப் பக்கம் பழைய சுமைதாங்கி ஏதும் நின்றால் யாருக்குக் கட்டியது என்று விசாரியுங்கள். இன்னொன்று. ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் பூட்டன், பூட்டி எல்லாருடைய பெயரும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளையின் பெயர் என்ன?