‘அன்புள்ள’ என்பதோடு நின்ற பில்

கேள்வி: அண்ணா, புறக்கோட்டையில் மாமாவின் புடவைக் கடைக்கு ஜாங்கோவில் (பைதனில் இணையத்தளம் கட்ட உதவும் கருவித்தொகுப்பு) தளம் செய்கிறேன். பக்கத்தின் மேலே வாடிக்கையாளர் பெயர் ஒழுங்காக வருகிறது. அதே வரியைப் பில் மின்னஞ்சல் டெம்ப்ளேட்டில் போட்டால் ‘அன்புள்ள’ என்பதோடு நின்றுவிடுகிறது. பிழைச்செய்தியும் இல்லை. எழுதிய கோட் வரிகளை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, இந்த ‘அன்புள்ள’ எனக்கும் பழக்கம். வெள்ளவத்தைப் புத்தகக் கடை ஒன்றுக்குத் தளம் செய்து கொடுத்த முதல் நாளே பெயரில்லாத பில்கள் போயின. முதலாளி காலி வீதியில் என்னை மறித்து, “தம்பி, என்ர ஆக்களுக்குப் பேரில்லையோ?” என்றார்.

பக்கத்தைக் காட்டும் ரெண்டர் என்ற ஃபங்ஷனுக்கு முதல் ஆளாக ரெக்வெஸ்டை, அதாவது பக்கத்தைக் கேட்டு பிரவுசர் அனுப்பும் கோரிக்கையை, கொடுக்கிறீர்கள். உடனே செட்டிங்ஸில் உள்ள கான்டெக்ஸ்ட் ப்ரொசெசர்கள் (டெம்ப்ளேட்டுக்குப் பொதுவான விவரங்களை எடுத்துத் தருபவை) ஓடி, யூசரை, அதாவது லொகின் செய்திருப்பவரை, டெம்ப்ளேட்டுக்குள் போட்டுவிடும். மின்னஞ்சலுக்கு நீங்கள் பாவித்திருப்பது, டெம்ப்ளேட்டை வெறும் எழுத்தாக்கித் தரும் ரெண்டர்-டு-ஸ்ட்ரிங். அதில் ரெக்வெஸ்டுக்கு மூன்றாவது இடம். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்காது, ப்ரொசெசர்களும் ஓடாது. டெம்ப்ளேட்டோ தெரியாத பெயரைக் கண்டால் வாயே திறக்காமல் வெறுமையை வைத்துவிட்டுப் போகும்.

மூன்றாவதாக ரெக்வெஸ்டைக் கொடுத்தால் பெயர் வந்துவிடும்தான். ஆனால் நான் அப்படிச் செய்யமாட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் பில் கிடைக்கவில்லை என்று சொல்ல, மாமா கடையிலிருந்து லொகின் செய்து மறுபடி அனுப்புகிறார் என்று வையுங்கள். ரெக்வெஸ்டில் இருக்கும் யூசர் மாமா; பில்லில் மாமாவின் பெயர்தான் விழும்! இரவு 8 மணிக்குத் தானாக நினைவூட்டல் போகவேண்டும் என்றாலோ ரெக்வெஸ்டே இருக்காது. யாராவது பக்கத்தைக் கேட்டால்தானே அது பிறக்கும். ஓர்டரிலிருந்து பெயரை எடுத்து, டெம்ப்ளேட்டுக்குப் போகும் விவரப் பட்டியலான டிக்‌ஷனரியில் வைத்து நீங்களே கையால் கொடுங்கள். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்று. தேடல் பக்கத்தில் ரெக்வெஸ்டின் GET-இலிருந்து (லிங்க் முகவரியோடு வரும் விவரங்கள்) வரும் சொல்லுக்குப் பின்னால் சேஃப் ஃபில்டர் போட்டிருக்கிறீர்கள்; ‘இது பாதுகாப்பானது, குறிகளை மாற்றாமல் அப்படியே காட்டு’ என்று ஜாங்கோவுக்குச் சொல்வது அது. இன்றைக்கே கழற்றுங்கள். தேடல் சொல்லுக்குப் பதிலாக ஸ்கிரிப்ட் வைத்த லிங்க் ஒன்றை யாராவது வாட்ஸ்அப்பில் பரப்பினால், அதை அழுத்துபவரின் பிரவுசரில் உங்கள் தளத்தின் பெயரிலேயே அது ஓடும். தமிழ் எழுத்து குழம்பும் என்ற பயத்தில் போட்டீர்களோ தெரியாது. சேஃப் இல்லாதபோது ஜாங்கோ மாற்றுவது கோண அடைப்பு, மேற்கோள், அம்பர்சன்ட் போன்ற ஐந்து குறிகளை மட்டும். ‘சேலை’ சேலையாகவே வரும்.