கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா? எலும்பும் தசையும்: கேள்வி பதில்

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். பெரும்பாலும் முதியவர்களோடு வேலை செய்கிறேன். எலும்பு ஆரோக்கியம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் கால்சியம் மாத்திரைதான் அதிகம். தசையைப் பற்றி ஒருவர்தான் கேட்டிருந்தார். அதனால் அவர் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): எலும்பு உடலைத் தாங்குகிறது, தசை அசைக்கிறது என்று படித்திருக்கிறேன். இரண்டின் ஆரோக்கியத்துக்கும் நடுவே தொடர்பு உண்டா, மேடம்?

நிறைய உண்டு. எலும்பு உயிருள்ள திசு. ஒரு பக்கம் பழைய எலும்பு கரைந்துகொண்டும், இன்னொரு பக்கம் புதியது உருவாகிக்கொண்டும் இருக்கும். எங்கே சேர்க்க வேண்டும், எங்கே குறைக்கலாம் என்பதை முடிவு செய்வதில் அந்த எலும்பின் மேல் விழும் சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892-இலேயே இதை ஒரு விதியாக எழுதிவிட்டார்.

அந்தச் சுமையில் பெரும்பகுதி தசை இழுப்பதால்தான் வருகிறது. தசை எலும்போடு சேரும் இடம் பெரும்பாலும் மூட்டுக்கு மிக அருகில் இருக்கும். அதனால் சாதாரணமாகப் படியேறுவதற்கே தொடைத் தசை உடல் எடையைவிட அதிக விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. எலும்புக்குள் இருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் அந்த இழுப்பை உணர்கின்றன. இழுப்பு குறைந்தால் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அதிகமாகச் சுரந்து, புது எலும்பு உருவாவதைக் குறைத்துவிடுகின்றன.

டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையில் மேற்கை எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். இரண்டு கைக்கும் போவது ஒரே ரத்தம், ஒரே கால்சியம். விண்வெளி வீரர்களுக்கோ, சுமையே இல்லாததால், இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. சாப்பாட்டில் குறை வைக்காமல் கவனித்தும் இப்படித்தான்.

கேள்வி (ஒரு தாய், ஈரோடு): என் 13 வயதுப் பையன் ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டான். சைக்கிளிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு பலவீனமாக இருக்குமோ?

இந்த ஒரு முறிவை வைத்துப் பயப்பட வேண்டாம். இந்த வயதில் உயரம் முதலில் ஓடிவிடும். எலும்பில் தாது உப்புகள் படிவது சில மாதம் பின்தங்கியே வரும். அந்த இடைவெளியில்தான் முன்கை எலும்பு முறிவுகள் அதிகம். லேசாக இடித்ததற்கே முறிந்தாலோ, திரும்பத் திரும்ப முறிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்றதும் அவனை விளையாட விடுங்கள். பெரியவனான பிறகு அவன் உடம்பில் இருக்கப்போகும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு, இந்த வளர்ச்சி வேகத்தை ஒட்டிய இரண்டு வருடத்தில்தான் சேருகிறது. கபடி, கோகோ, கால்பந்து, ஸ்கிப்பிங் என்று ஓடிக் குதித்து, சட்டென்று நின்று திரும்பும் விளையாட்டுகள் எல்லாமே நல்லவை. பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காலம் இன்னும் சீக்கிரம் வந்து போய்விடும். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பீரியடை கணக்குக்குக் கொடுக்கிற பள்ளிகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அந்த வருடங்கள் திரும்பி வராது.

கேள்வி (24 வயது, ஐடி வேலை): டயட்டில் 11 கிலோ குறைத்தேன். இப்போது ஐந்து மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. எடை குறைந்ததால்தான் என்று தோழி சொல்கிறாள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் பரிசோதனை முக்கியம். சாப்பாடு போதாமல்தான் நின்றிருக்கிறது என்றால், ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எலும்பு சேர வேண்டிய வயதில் கரைய ஆரம்பித்திருக்கலாம். நீங்கள் குறைத்த 11 கிலோவில் தசையும் போயிருக்கும். இனி எடை குறைப்பதாக இருந்தால் மெதுவாக, புரதத்தோடும் எடைப் பயிற்சியோடும் மட்டும்தான்.

கேள்வி: தினமும் நீச்சல் அடிக்கிறேன். எலும்புக்குப் போதுமா?

இதயத்துக்கு அருமை, எலும்புக்குப் போதாது. சைக்கிளும் அப்படித்தான். வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (48 வயது, மதுரை): மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகிறது. கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன், தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

நடையை விடாதீர்கள். ஆனால் எலும்பைப் பொறுத்தவரை, பழகிப்போன நடை ஒரு மெலிந்த தூண்டுதல்தான். மாதவிடாய் நிற்பதை ஒட்டிய ஐந்து முதல் ஏழு வருடங்களில் சில பெண்களுக்கு எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடுகிறது. தசை வலுவும் இதே காலத்தில் இறங்குகிறது. அதனால் எலும்பு இதுவரை பழகாத சுமையை அதற்குத் தர வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 'லிஃப்ட்மோர்' என்று ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தரையிலிருந்து பார்பெல் தூக்குவது, தோளில் பார்பெல்லோடு ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குவது, குதித்து இறங்குவது. முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 3 சதவீதம் அளவுக்குக் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றக் குழுவுக்குக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே 40 கிலோ தூக்கப் போகாதீர்கள். அங்கே பக்கத்தில் நின்று கண்காணித்தார்கள், படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். முதலில் டாக்டரிடம், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் அல்லது விவரம் தெரிந்த பயிற்சியாளரிடம் போய் இடுப்பை மடக்கிக் குனிவது எப்படி என்று கற்றுக்கொள்ளுங்கள். முதுகு வளையாமல் குனியத் தெரிந்த பிறகுதான் எடை.

சாப்பாட்டில் கால்சியத்தைவிட நான் கவலைப்படுவது புரதத்துக்கு. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், ரச சாதம், இரவு தோசை என்றால் ஒரு நாளைக்குத் தேவையான புரதம் சேராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 60 கிலோ இருந்தால் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் சொச்சம்தான் என்று கணக்குப் போட்டால் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். சுண்டல், பயறு, தயிர், மீன், முட்டை என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். ராகி 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, களியாகவோ அடையாகவோ சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கேள்வி: வைட்டமின் டி 60,000 யூனிட் மருந்தை வாராவாரம் நானே வாங்கிச் சாப்பிடலாமா?

கூடாது. குறைபாடு இருந்தால் எலும்போடு தொடை, இடுப்புத் தசைகளும் பலவீனமாகும் என்பது உண்மை. தரையிலிருந்து எழுவதும் படியேறுவதும் சிரமமாகும். அதற்கு டாக்டர் சில வாரங்களுக்கு எழுதித் தருவதை மாதக்கணக்கில் நீட்டக் கூடாது. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் கூடியதாக 2010-இல் ஆய்வு முடிவு வந்தது.

கேள்வி (மகன், கோயம்புத்தூர்): அம்மாவுக்கு 72 வயது. விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?

உண்டு. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். அம்மா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைவு என்று சார்கோபீனியாவுக்கான ஆசியப் பணிக்குழு 2019-இல் வரையறுத்தது. வயதால் தசை குறைவதைத்தான் சார்கோபீனியா என்கிறோம்.

நேரத்தைவிட நான் அதிகம் கவனிப்பது வேறு. எழும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறதா? முன்னும் பின்னும் ஒரு முறை ஆடிவிட்டு எழுகிறாரா? உட்காரும்போது கடைசி ஒரு சாண் பிடிமானம் இல்லாமல் தொப்பென்று விழுகிறாரா? தடுக்கினால் சட்டென்று காலை முன்னால் வைத்துத் தாங்குவது வேகமான தசை நார்கள். வயதாகும்போது அதிகம் மெலிவதும் அவைதான். எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும், கால் தாங்காமல் இடுப்பு நேராகத் தரையில் மோதினால் முறியும் ஆபத்து இருக்கிறது.

இனிமேல் பயிற்சியால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோன் குழு 90 வயதை ஒட்டிய, முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடினமான தொடைப் பயிற்சி கொடுத்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. உங்கள் அம்மாவுக்கு 72தான் ஆகிறது. அதே நாற்காலியில் எழுந்து உட்காருவதையே பயிற்சியாக்குங்கள். தேவைப்பட்டால் முதலில் கைப்பிடியோடு, பிறகு ஒரு கையால், பிறகு கை இல்லாமல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவதையும் சேருங்கள். "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்று எல்லா வேலையையும் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி (மருமகள், தஞ்சாவூர்): மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தது. மூன்று மாதம் படுத்தே இருக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

அவர்கள் பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் தயவுசெய்து கேட்காதீர்கள். நல்ல ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்ததில் காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனது. ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், மறுநாளிலிருந்தே எழுந்து நிற்க வைப்பதுதான் இப்போதைய முறை. வலிக்கும்தான். வலி மருந்து கொடுத்து அரை மணி கழித்து வாக்கரோடு நிறுத்துங்கள்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்த அளவுக்குக் காலில் எடை போடலாம் என்பது ஒன்று. எலும்புப்புரைக்கு, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்க்கு, மருந்து எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதை நிறையக் குடும்பங்கள் கேட்பதே இல்லை. தட்டும் ஸ்குரூவும் வைத்தது முறிந்த இடத்துக்கு மட்டும்தான். மற்ற எலும்புகளுக்கு மருந்து வேண்டும், கால்களுக்குப் பயிற்சி வேண்டும்.