பித்தளைத் தகடும் மாத்திரை அட்டையும்: மொடல் கேள்வி பதில்

(விமானம், வண்டி, ரயில் மொடல் கட்டுகிற வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஹட்டனில் பல் செட் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மொடல் பைத்தியம்.)

அக்கா, மாமா 1/72 அளவில் ஹரிகேன் விமானக் கிட் ஒன்று வாங்கித் தந்தார். 1942 இல் கொழும்பைக் காத்த ஹரிகேனாக அதைச் செய்ய ஆசை. பித்தளை எட்ச் தகடு (இரசாயனத்தில் அரித்துச் செய்த மெல்லிய பாகங்கள்), ரெசினில் வார்த்த கொக்பிட் (விமானி இருக்கும் அறை), புது டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற படம்) என்று நிறையச் சாமான் விற்கிறார்கள். என் காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம். எதை வாங்குவது?
– உயர்தர மாணவர், பதுளை

தம்பி, காசை எடுக்க முதல் பெட்டியைத் திறந்து இறக்கையைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது, இரத்மலானையிலிருந்து 30 ஆம் ஸ்குவாட்ரனும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258 ஆம் ஸ்குவாட்ரனும் ஹரிகேன்களில் எழும்பின. அவற்றில் அதிகம் மார்க் 2பி ரகம். அதில் இறக்கைக்கு ஆறு வீதம் பன்னிரண்டு மெஷின் துப்பாக்கி. மார்க் 1 இல் இறக்கைக்கு நாலுதான், மூக்கும் கொஞ்சம் கட்டை. மார்க் 2சி என்றால் இரண்டு இறக்கைக்கும் முன்னால் மொத்தம் நாலு பீரங்கிக் குழல் நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்டிக்குள் தவறான ரகம் இருந்தால், அதற்கு மேல் எத்தனை பித்தளை ஒட்டினாலும் அது கொழும்பு ஹரிகேன் ஆகாது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய ஹரிகேன்களுக்கு மூக்குக்குக் கீழே தாடி வைத்த மாதிரி ஒரு தூசி வடிகட்டி உண்டு, வோக்ஸ் என்று பெயர். அது கிட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் காசு அதற்குத்தான்.

ரகம் சரி, வடிகட்டியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொக்பிட் கண்ணாடியைத் திறந்து வைக்கப் போகிறீர்களா, மூடியா? இந்த அளவில் இறக்கை முனைக்கு முனை 17 சென்டிமீட்டர் கூட வராது. மூடி வைத்தால் உள்ளே விமானியின் தலை சாய்கிற இடமும் இருக்கையின் மேல் விளிம்பும் தெரியும், அவ்வளவுதான். ரெசின் கொக்பிட்டுக்குக் கொடுக்கிற காசு இருட்டுக்குள் போய்விடும். அதை வாங்கியவர்கள் விருந்தாளிக்குக் காட்ட டோர்ச் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

திறந்து வைத்தாலும் முதலில் தேவை இருக்கை வார் மட்டும்தான். அதற்கும் பித்தளை வேண்டாம். எட்ச் தகட்டின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் என்று எடுத்தாலும், 72 ஆல் பெருக்கினால் 7 மில்லிமீட்டருக்கு மேல். துணி வார் அவ்வளவு தடிப்பாக இருக்குமா? மாத்திரை அட்டையின் பின்பக்கத்து வெள்ளித் தாளை உரித்தெடுங்கள். அதை 0.7 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறி, இருக்கையின் வளைவுக்கு ஈர்க்குக் குச்சியால் அமர்த்தினால் துணி விழுந்த மாதிரியே விழும். பித்தளை விறைத்துக்கொண்டு நிற்கும்.

அப்போது எதை வாங்குவது? சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியை மறைக்க ஒட்டுகிற மாஸ்க். ஹரிகேன் கண்ணாடி முழுக்கச் சட்டம் சட்டமாக இருக்கிறது, கையால் கோடு விட்டால் நடுங்கும். செக் நாட்டு எட்வார்ட் கொம்பனி மஞ்சள் ஜப்பானியக் கடதாசி டேப்பில் அளவாக வெட்டி விற்கிறது. மொடலைப் பார்க்கிறவரின் கண் முதலில் கண்ணாடிக்குத்தான் போகும். அங்கே சட்டம் நேராக இருந்தால் மற்றதை மன்னித்துவிடுவார்கள். டெக்கலுக்கு அடுத்த பிறந்தநாள் வரட்டும், மாமாவுக்கு ஜாடையாகச் சொல்லி வையுங்கள்.

எட்ச் தகட்டிலிருந்து சின்னத் துண்டுகளை வெட்டும்போது பறந்து காணாமல் போகின்றன. வளைக்கும்போது சில உடைந்தும் போகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், பண்டாரவளை

வெட்டும் பாயில் வைத்து வெட்டாதீர்கள். பாய் அமுங்கும், தகடு வளையும், துண்டு தெறிக்கும். உடைந்த பாத்ரூம் டைல் ஒன்றின் வழுவழுப்பான பக்கத்தில் வைத்து, வளைந்த அலகுள்ள கத்தியை மேலிருந்து அழுத்துங்கள், இழுக்க வேண்டாம். வெட்டுகிற இடத்துக்கு மேல் மெல்லிய பொலித்தீன் ஒன்றைப் போட்டால் தெறித்தாலும் அதற்குள்தான் கிடக்கும்.

உருளையாக வளைக்க வேண்டிய துண்டை முதலில் மெழுகுதிரிச் சுடரின் மேல் பக்கத்தில் காட்டி, நிறம் மாறியதும் ஆறவிடுங்கள். பித்தளை இளகிவிடும், அப்புறம் சொன்னபடி கேட்கும். நேர் மடிப்பு மடிக்கிற துண்டைச் சூடாக்க வேண்டாம், அங்கே விறைப்பு இருந்தால்தான் மூலை கூராக வரும். ஒரே மடிப்பை முன்னும் பின்னும் ஆட்டினால் எந்த உலோகமும் முறியும். ஒரு முறை மடித்தால் விட்டுவிடுங்கள்.

என் மகன் ரெசின் எஞ்சின் ஒன்றை வாங்கி, குசினி மேசையில் வைத்து வாளால் அறுக்கிறான். மேசை முழுக்க வெள்ளைத் தூள். "ஒன்றும் ஆகாது" என்கிறான். உண்மையா?
– ஒரு தகப்பன், மஸ்கெலியா

ஐயா, குசினியிலிருந்து அவனை எழுப்புங்கள், இன்றைக்கே. ரெசின் தூள் மிக மெல்லியது, நெஞ்சுக்குள் போய்த் தங்கும். பல் செட் கட்டுகிற இடத்தில் அக்ரிலிக் தேய்க்கிற மேசைக்குப் பக்கத்திலேயே தூளை உறிஞ்சுகிற குழாய் வைத்திருப்பார்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. எங்கள் தொழிலில் கையுறை போடாமல் அக்ரிலிக் திரவத்தைப் பிசைந்து விரல் நுனி வெடித்தவர்கள் பலர். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். உங்கள் மகன் வாங்கியது வார்த்து இறுகிய ரெசின், அதைத் தொடுவதில் பயம் இல்லை, தூளில்தான் பயம். நாளைக்கு முப்பரிமாண அச்சு மெஷின் வேண்டும் என்று கேட்பான். அதற்கு ஊற்றுகிற திரவ ரெசினை வெறுங்கையால் தொடவே கூடாது.

அதற்காகப் பொழுதுபோக்கை நிறுத்த வேண்டாம். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, துண்டையும் வாளையும் நனைத்து நனைத்து அறுக்கட்டும். தேய்க்கவும் தண்ணீரில் போடுகிற கறுப்பு சாண்ட் பேப்பர்தான். தூள் சேறாகத் தட்டிலேயே தங்கும். முகக்கவசம் போடட்டும், துணிக் கவசம் போதாது, தூளைத் தடுக்கிற ரகம் வேண்டும். முடிந்ததும் மேசையை ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் தூள் எல்லாம் திரும்பவும் எழும்பும்.

இனி அவனுக்குச் சில வார்த்தை. மகனே, ஒட்டுவதற்கு முன் ரெசினைப் பாத்திரம் கழுவுகிற சோப்பும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவு. அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழுவழுப்பு அதில் இருக்கும், பெயின்ட் பிடிக்காது. கிட்டோடு பாவிக்கிற பிளாஸ்டிக் பசை ரெசினை ஒட்டாது. அந்தப் பசை பொலிஸ்டைரினைக் கரைத்து ஒன்றாக்குகிறது, ரெசின் அதில் கரையாது. சூப்பர் குளு அல்லது எபொக்சி எடு. வளைந்த துண்டு இருந்தால் வெந்நீரில் போட்டு, இளகியதும் நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் அமிழ்த்து. எஞ்சின் உள்ளே போகவில்லை என்றால் உடனே எஞ்சினைத் தேய்க்காதே, காசு கொடுத்து வாங்கியது அதன் நுணுக்கத்துக்குத்தானே. வெளிப்பிளாஸ்டிக்கை உள்பக்கத்திலிருந்து சுரண்டி மெலிதாக்கு. பல்பு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று தெரியும்.

தாத்தா தோட்டத்து லாண்ட் ரோவர் டிரைவராக இருந்தார். 1/24 அளவில் லாண்ட் ரோவர் கிட் கிடைத்திருக்கிறது. அவர் ஓட்டிய வண்டி போல மாற்ற என்னென்ன உதிரிப் பாகம் வாங்க வேண்டும்?
– ஆசிரியை, தலவாக்கலை

மகள், உங்கள் கடிதம் வந்ததும் மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டேன். மலையில் பிறந்தவர்களுக்கு அந்த எஞ்சின் சத்தம் காதிலேயே இருக்கும். தொரை போகிறாரா டாக்டர் வருகிறாரா என்று சத்தத்திலேயே சொல்வார்கள்.

வீட்டில் படம் ஏதும் இருந்தால் தேடுங்கள், வண்டியின் முகம் தெரிகிற படம். இத்தாலேரி, ரெவெல் என்ற கிட் கொம்பனிகள் இந்த அளவில் விற்றது நீள ரகத்து சீரிஸ் 3, அதாவது 1971 க்குப் பிந்திய வண்டி. அதன் ஹெட்லைட் இரண்டும் வெளியே மட்கார்டில் இருக்கும். தாத்தா ஓட்டியது அறுபதுகளின் வண்டி என்றால் ஹெட்லைட் உள்ளே, கிரில்லின் இரண்டு பக்கமும் நெருங்கி இருக்கும். கிரில்லும் பிளாஸ்டிக் இல்லை, கம்பி வலை. அந்த வலைக்கு எட்ச் தகடு தேடி அலைய வேண்டாம். கடையில் தேயிலை வடி வாங்குங்கள், கண்ணளவைப் படத்தோடு ஒப்பிட்டு எடுங்கள், பழைய கத்தரிக்கோலால் வெட்டுங்கள். நல்ல கத்தரிக்கோல் பாழாகும்.

கிட்டில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம். அறுபதுகளின் சீரிஸ் 2 வண்டியில் மீட்டர்கள் டாஷ்போர்டின் நடுவில் இருந்தன, அதனால் ஸ்டீயரிங்கையும் பெடலையும் பக்கம் மாற்றினால் பெரும்பாலான வேலை முடிந்தது. சீரிஸ் 3 இல்தான் மீட்டர் டிரைவருக்கு முன்னால் வந்தது. கிட்டில் அப்படி வந்திருந்தால் அதை மழித்துவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகக் கட்டுங்கள். தாத்தாவுடையது கட்டை ரகமாக இருந்தால் வேலை கூடும். 109 அங்குல அச்சுத் தூரத்தை 88 ஆக்க வேண்டும், 1/24 இல் 22 மில்லிமீட்டர் அறுக்க வேண்டும், பின் தொங்கலும் குறைய வேண்டும். அதற்குத் துணிவு இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீள ரகமாகவே இருக்கட்டும், தாத்தா கோபிக்க மாட்டார்.

இப்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டி என்றதும் எல்லோரும் கதவிலும் மட்கார்டிலும் சிவப்புத் துரு பூசுகிறார்கள், அதற்கென்றே துரு நிறச் செட் விற்கிறார்கள். லாண்ட் ரோவரின் மேலுடம்பு அலுமினியக் கலவை. அது சிவப்பாகத் துருப்பிடிக்காது. பெயின்ட் உரிந்த இடத்தில் மங்கிய வெள்ளி நிறம்தான் தெரியும். துரு வேண்டுமென்றால் சசி என்கிற அடிச்சட்டத்திலும், கண்ணாடிக்குக் கீழ் இருக்கிற இரும்புச் சுவரிலும், கதவுப் பிணைச்சலிலும் வையுங்கள். மட்கார்டின் உள்பக்கத்துக்கு உங்கள் தோட்டத்து மண்ணையே காயவைத்து, துணியில் சலித்துப் பாவிக்கலாம். எந்தக் கொம்பனியும் அந்த நிறத்தைப் போத்தலில் போட்டுத் தராது.

நம்பர் பிளேட்டைக் கணினியில் வரைந்து டெக்கல் தாளில் அச்சடியுங்கள். சாதாரணப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது, அதனால் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டெக்கல் தாளில் பின்னணியை அச்சடித்து எழுத்தை வெறுமையாக விட வேண்டும்.

நுவரெலியாவில் பெயின்ட் அடித்தால் பால் பூத்த மாதிரி ஆகிறது. சூப்பர் குளு பட்ட கண்ணாடித் துண்டும் வெள்ளையாகிறது. கிட் பழுதா?
– வாசகர், நுவரெலியா

கிட்டில் பழுதில்லை, ஊரில் ஈரம். லாக்கர் பெயின்ட்டின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிகிறது. மிஸ்ட் இறங்கிய நேரத்தில் அடிக்காதீர்கள். அடிக்க முன்னும் பின்னும் மொடலை மேசை விளக்கின் இளஞ்சூட்டில் வையுங்கள், தின்னரில் காய்வதைத் தாமதிக்கிற ரிட்டார்டர் கொஞ்சம் சேருங்கள். பூத்துவிட்டால் தனித் தின்னரை மெல்லிய தூறலாக அடித்தால் பல நேரம் தெளியும்.

கண்ணாடி வெள்ளையாவது பசையின் ஆவியால். கண்ணாடிக்குத் தச்சர்கள் பாவிக்கிற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது. சூப்பர் குளுவைப் பிரிட்ஜில் வைப்பவர் என்றால், எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். போத்தல் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படிந்து பசை இறுகும்.

எங்கள் பாதையில் ஓடுகிற கோச்சியை மொடலாகச் செய்ய விருப்பம். கடையில் கிடைக்கிற எச்ஓ தண்டவாளம் பொருந்துமா?
– வாசகர், நானுஓயா

எச்ஓ என்பது 1/87 அளவு மொடல், அதன் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். 1/87 இல் அது 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் சரி. நம்முடையது ஐந்தரை அடிப் பாதை, 1676 மில்லிமீட்டர். 1/87 இல் பெட்டி கட்டினால் சில்லுகள் உள்ளே ஒடுங்கி, கோச்சி நொண்டி மாதிரித் தெரியும். பெட்டிகளை எப்படியும் நீங்களே பிளாஸ்டிக் தகட்டில் கட்டத்தான் போகிறீர்கள். அப்படியானால் 1/100 இல் கட்டுங்கள். அந்த அளவில் அதே தண்டவாளம் 1650 மில்லிமீட்டர் ஆகிறது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்பது வளைவுப் பாலத்தையும் அதே அளவில் செய்யப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். முதலில் ஒரு பெட்டியை முடியுங்கள்.

டாங்கிக்கு இரும்புச் சங்கிலி வாங்கினால் கிட்டை விடக் கூடுதல் விலை வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், கண்டி

விற்பது இரும்பில்லை, வெள்ளீயம் மாதிரி வார்க்கிற உலோகம். தன் பாரத்தில் சில்லுகளின் மேல் அழகாகத் தொய்யும், அதற்குத்தான் விலை. உங்கள் டாங்கிக்குப் பக்கக் கவசத் தகடு இருக்கிறதா? இருந்தால் அந்தத் தொய்வு அதற்குப் பின்னால் மறைந்துவிடும், காசை வைத்துக்கொள்ளுங்கள். குழல் இரண்டு பாதியாக வந்திருந்தால் கடைந்த அலுமினியக் குழல் ஒன்று வாங்குங்கள், அது மலிவு, எல்லோருக்கும் தெரிகிற இடம்.

பழைய கிட்டில் டெக்கல் மஞ்சளாகிவிட்டது. எறிவதா?
– வாசகி, வெலிமடை

எறியாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் விழுகிற ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே பார்க்க ஒட்டி வையுங்கள். நாள் போகப் போக மஞ்சள் வெளுக்கும். உங்கள் ஜன்னலில் வெயில் தங்காவிட்டால் வெல்லவாயப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், அவர்கள் வீட்டு ஜன்னலில் ஒட்டச் சொல்லுங்கள். மொடலில் ஒட்ட முன், தேவையில்லாத ஒரு எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது துண்டு துண்டாகப் பிரிந்தால், தாள் முழுக்கத் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து நன்றாகக் காயவைத்த பிறகு, ஒவ்வொரு படத்தையும் அதன் ஓரத்தை ஒட்டித் தனித்தனியாக வெட்டிப் பாவியுங்கள்.