எஸ்.பி.ஆரா, எஸ்.பி.ஆர்.எம்மா?

கேள்வி: போன தேர்தலில் எங்கள் லயத்துக்கு வேனில் அரிசி வந்தது. 5 கிலோ மூட்டை, மேலே வேட்பாளர் படம். “எஸ்.பி.ஆருக்கு எழுதிப் போடு, ஆளைப் பிடித்து உள்ளே வைப்பார்கள்” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். நிஜமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அண்ணன் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் அம்மா. எஸ்.பி.ஆர் என்பது நம் மலேசியாவின் தேர்தல் ஆணையம். தொகுதி பிரிப்பது, வாக்காளர் பட்டியல், ஓட்டுப் பெட்டி எல்லாம் அதன் வேலை. ஆளைப் பிடிக்கிற வேலை இல்லை. லஞ்சப் புகார் என்றால் எஸ்.பி.ஆர்.எம், அதாவது ஊழல் தடுப்பு ஆணையம், இல்லாவிட்டால் போலீஸ். 1954 தேர்தல் குற்றச் சட்டப்படி ஓட்டுக்காகப் பொருள் கொடுப்பதும் குற்றம், மீகூன் பொட்டலமும் தேநீரும் கொடுத்து மனதை மாற்றுவதும் குற்றம், அப்புறம் ஓட்டுப் போடுகிறேன் என்று கை நீட்டி வாங்குகிறவரும் மாட்டுவார். அதனால் அந்த மூட்டையைப் படம் எடுத்து வைத்திருந்தால் நல்லது, சோறாக்கிவிட்டீர்கள் என்றால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2018-இல் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவரின் வெற்றியையே தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது, ஒராங் அஸ்லி (பூர்வகுடி) வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தது நிரூபணமானதால். 2019 ஜனவரியில் மறுபடி ஓட்டு.

கேள்வி: வேட்பாளர் இஷ்டத்துக்குச் செலவு செய்யலாமா?
– இன்னொரு வாசகர், அதே ஊர்

பதில்: முடியாது. நாடாளுமன்றத்துக்கு 2 லட்சம் ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 1 லட்சம், 2022 பொதுத் தேர்தலிலும் இதே வரம்புதான். முடிவு அரசிதழில் வந்த 31 நாளுக்குள் கணக்கு காட்ட வேண்டும், காட்டாதவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் தகுதியையே இழக்கலாம். ஆனால் எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்: வரம்பு வேட்பாளருக்கு மட்டும், கட்சிக்குக் கிடையாது. உங்கள் முச்சந்தியில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கட்டியிருக்கிற கொடியைக் கட்சி தன் கணக்கில் போட்டுவிட்டால், வேட்பாளர் சுத்தம்!