எம்எல்டி நோய்க்கு ஜீன் தெரபி கிடைக்குமா? அம்பாசமுத்திரத்தில் இருப்பவர்கள் எங்கே தொடங்குவது?

கேட்டிருப்பது இது: அக்கா மகளுக்கு 22 மாதம். நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை இப்போது கால் பின்னி விழுகிறாள். பாளையங்கோட்டையில் எடுத்த எம்ஆர்ஐயில் மூளையின் வெண்பகுதியில் மாற்றம் தெரிகிறது. மெட்டாக்ரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோஃபியாக, சுருக்கமாக எம்எல்டியாக, இருக்கலாம் என்கிறார்கள். அக்காவும் அத்தானும் சொந்தத்தில் கட்டியவர்கள். அக்கா இப்போது மறுபடி 9 வாரக் கர்ப்பம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு ஜீன் தெரபி இருக்கிறது. ஐரோப்பாவில் லிப்மெல்டி என்ற பெயரில் 2020 டிசம்பரிலும், அமெரிக்காவில் லென்மெல்டி என்ற பெயரில் 2024 மார்ச்சிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் 30 மாத வயதுக்குள் தொடங்கும் வகைக்கு, அறிகுறி தலைகாட்டும் முன்பே கொடுத்தாக வேண்டும். நடை தடுமாறிவிட்ட பிள்ளையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இப்போது அவசரம். அதற்கு மூத்தவளின் நோய் ஜீன் அளவில் உறுதியாக வேண்டும், அதுவும் மூன்று நான்கு வாரத்துக்குள்.

ஏன் இப்படி என்றால், ஏஆர்எஸ்ஏ என்ற ஜீன் பழுதானால் அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி சரியாக உருவாகாது. அது உடைக்க வேண்டிய சல்ஃபடைடு என்ற கொழுப்பு தேங்கித் தேங்கி, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அழிக்கும். சிகிச்சையில் பிள்ளையின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, லென்டிவைரஸ் என்ற, தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ் மூலம் நல்ல ஜீனை ஏற்றி, உறைநிலையில் திருப்பி அனுப்புவார்கள். ஐரோப்பிய அனுமதிப்படி எடையில் கிலோவுக்குக் குறைந்தது 30 லட்சம் செல் வேண்டும். பஸல்ஃபான் என்ற கீமோ மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்த பிறகு அதை ஏற்றுவார்கள். அந்தச் செல்களின் வழிவந்தவை மூளைக்குள் குடியேறி நொதியைச் சுரக்க மாதக்கணக்காகும். சின்ன வயதில் தொடங்கும் எம்எல்டி அதுவரை பொறுக்காது.

எல்லா மூளை ஜீன் தெரபியும் இப்படியல்ல. ஏஏடிசி குறைபாடு என்ற வேறொரு பிறவி நோயில் நரம்புகள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், அவை செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமைன்தான் ஊறாது. அதனால் அறிகுறி முற்றிய பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. அதற்கு மண்டையில் துளையிட்டு, புட்டாமென் என்ற பகுதியில் பக்கத்துக்கு இரண்டு இடமாக நான்கு இடத்தில், இடத்துக்கு 0.08 மில்லி வீதம் மருந்தை மிக மெதுவாகச் செலுத்துவார்கள். யூடியூபில் எழுந்து உட்காரும் பிள்ளையைக் காட்டினால், அது எந்த நோய் என்று முதலில் பாருங்கள்.

இனி பரிசோதனை. இங்கேதான் நம் பக்கத்துக் குடும்பங்கள் காலத்தையும் காசையும் விடுகின்றன.

நொதி அளவு மட்டும் பார்த்து எம்எல்டி என்று முடிவு கட்டக்கூடாது. நொதி மிகக் குறைவாக இருந்தும் நோயே வராதவர்கள் நிறையப் பேர் உண்டு. அதைச் சூடோடெஃபிஷியன்சி என்பார்கள். எனவே நொதி, சிறுநீரில் சல்ஃபடைடு, ஜீன் மூன்றும் வேண்டும். கூடவே இன்னொரு சல்ஃபடேஸ் நொதியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் குறைந்திருந்தால் மல்டிபிள் சல்ஃபடேஸ் குறைபாடு என்ற வேறு நோய்.

நொதியை அளப்பது வெள்ளணுக்களில். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயா, ஊதா மூடி இடிடிஏ குழாயா என்பதை ஆய்வகத்திடம் கேட்டுவிட்டு ரத்தம் எடுங்கள். 24 மணி, மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள் ஆய்வக மேசைக்குப் போக வேண்டும். வெள்ளியும் சனியும் எடுக்காதீர்கள். கூரியர் அலுவலகத்தில் ஞாயிறு முழுக்கக் கிடந்தால் அணுக்கள் செத்து, நொதி இல்லை என்றே ரிப்போர்ட் வரும். ஐஸ் ஜெல் பை குழாயில் நேரடியாகத் தொடக்கூடாது, உறைந்தால் அணு உடைந்துவிடும். சித்திரை வெயிலில் ஜெல் இல்லாமல் அனுப்பினாலும் கெட்டது. அதே பெட்டியில் சொந்தமில்லாத, ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலும் நொதி குறைந்தால் வழியில் கெட்டதென்று தெரிந்துவிடும். அப்பா அம்மா ரத்தம் இதற்கு உதவாது, அவர்களுக்குப் பாதிதான் இருக்கும்.

ஜீனுக்கு இடிடிஏ குழாயில் 2-3 மில்லி போதும், இது வழியில் அவ்வளவு சீக்கிரம் கெடாது. பிள்ளை, தாய், தகப்பன் மூவருக்கும் ஒரே நாளில் எடுங்கள். கர்ப்பம் இருப்பதால் எல்லா ஜீன்களையும் படிக்கும் முழு எக்ஸோம் சோதனைக்குக் காத்திருக்காமல் ஏஆர்எஸ்ஏ ஜீனை மட்டும் தனியாகப் படிக்க முடியுமா என்று கேளுங்கள். 8 எக்ஸான் (ஜீனின் துண்டு) மட்டுமே உள்ள சின்ன ஜீன், சீக்கிரம் முடியும். சொந்தத் திருமணத்தில் பெரும்பாலும் ஒரே பிழை இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கும். ரிப்போர்ட்டில் ‘வியுஎஸ்’ (VUS) என்று இருந்தால் அர்த்தம் உறுதியாகவில்லை என்பதுதான். அதை வைத்துக் கர்ப்பம் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

பிழை உறுதியானால் 11-13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு, தவறினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். மூத்தவளிடம் கண்ட அதே பிழையைத் தேட வேண்டும். நொதியை வைத்துப் பார்த்தால் சூடோடெஃபிஷியன்சி இங்கேயும் குழப்பும். மாதிரியில் தாயின் செல் கலந்திருக்கிறதா என்று ஒப்பிடத் தாயின் ரத்தமும் சேர்ந்து போக வேண்டும். நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதற்கு மேல் என்ன செய்வதென்பது அக்காவும் அத்தானும் எடுக்க வேண்டிய முடிவு. மாமியார் வீட்டுக்கூட்டத்தில் தீர்மானிக்கும் விஷயமல்ல.

பிள்ளை பாதிப்போடு பிறந்தால் அமெரிக்க விலை 42.5 லட்சம் டாலர், 35 கோடி ரூபாய்க்கும் மேல். மிலான், மான்செஸ்டர் போன்ற சில இடங்களில்தான் கொடுக்கிறார்கள். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ன்படி அதிகபட்ச உதவி 50 லட்சம், அதுவும் சிறப்பு மையங்கள் வழியாக மட்டும். அவற்றில் அம்பையிலிருந்து பக்கம் திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனை. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் போய்விடலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய பரிந்துரை, எம்ஆர்ஐ சிடி (ஃபிலிம் மட்டும் போதாது), மூவர் ரிப்போர்ட், ஆதார் எல்லாம் கையில் இருக்கட்டும். வேறொருவர் மஜ்ஜையைப் பொருத்தும் சிகிச்சையைப் பற்றியும் சொல்வார்கள். சின்ன வயதில் தொடங்கும் எம்எல்டியில் அதன் பலன் குறைவு.

வேலூர் சிஎம்சியின் ஜீன் தெரபி பற்றி யாராவது சொல்வார்கள். 2024-ல் வெளியான அந்த ஆய்வு ஹீமோஃபிலியா ஏ என்ற ரத்த நோய்க்கானது. ஏறக்குறைய லிப்மெல்டி முறையில் செய்யும் ஸ்கைசோனா என்ற ஜீன் தெரபி, ஏஎல்டி என்ற இன்னொரு மூளை நோய்க்கு. 2024-ல் வெளியான கணக்குப்படி அதில் 67 பையன்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. காரணம் அதில் வைத்த வைரஸ் புரோமோட்டர், அதாவது ஜீனை இயக்கும் சுவிட்ச், மிக வலிமையானது என்று கருதுகிறார்கள். லிப்மெல்டியில் இருப்பது மனித ஜீனின் புரோமோட்டர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பயப்பட வேண்டாம்.

‘ஸ்டெம் செல் ஊசி, மூன்று சிட்டிங்’ என்று லட்சங்களில் கேட்கும் கிளினிக்குக்குப் போகாதீர்கள். ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்கும், அந்த ஆய்வு மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

மூத்தவளுக்கு விறைப்பைத் தளர்த்தும் மருந்தும் பிசியோதெரபியும் இப்போதே வேண்டும். விழுங்கத் திணறினால் குழாய் உணவைத் தள்ளிப்போடாதீர்கள். காரணம் தெரியாமல் அழுதாலோ வாந்தி எடுத்தாலோ வயிற்று அல்ட்ராசவுண்ட் பாருங்கள். எம்எல்டியில் பித்தப்பைக்குள் பாலிப் வளர்வதுண்டு, பல டாக்டர்கள் அங்கே தேடுவதில்லை.