பெங்களூரில் இருந்து விவசாயத்துக்கு: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் நான்கு ஏக்கர், குடியிருப்பது பொம்மனஹள்ளி. புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்களோடு சில வருடமாகச் சுற்றுகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

முரளி, ஒயிட்ஃபீல்டு: ஒரு ஏக்கரில் அதிக லாபம் தரும் பயிர் எது அக்கா?

யாரிடம் விற்கப்போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், பயிரை அப்புறம் பேசலாம்.

செந்தில், கே.ஆர்.புரம்: கோலார் பக்கம் தக்காளி போடலாம் என்று இருக்கிறேன். 2023இல் கோடி பார்த்தவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். அந்த ஜூலையில் கோலாரில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. செய்தியைப் பார்த்தவர்கள் எல்லாரும் நாற்று வாங்க ஓடினார்கள். தக்காளி நட்டு 65, 70 நாளில் காய்க்கு வரும், அதாவது செப்டம்பரில் எல்லார் காயும் ஒன்றாக மண்டிக்கு வந்தது, விலை தரையில் விழுந்தது. ஏறிய விலையைப் பார்த்து நட்டால் இறங்கிய விலைக்குத்தான் பறிப்பீர்கள்.

என் முதல் தக்காளிக் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் 38 பெட்டி ஏற்றிக்கொண்டு விடிகாலை மண்டிக்குப் போனேன். மேலே பெரிய காயாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தேன். தரகர் மேலே பார்க்கவே இல்லை, பெட்டியின் அடிவரை கையை விட்டு நான்கு காயை எடுத்தார், அதில் ஒன்று வெடித்திருந்தது. பெட்டி 70 ரூபாய் என்றார். 2,660 வந்தது. கமிஷன் 266, வண்டி 1,500, பறித்த மூன்று பெண்களுக்குக் கூலி 1,050. என் பையில் இருந்து 156 ரூபாய் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இதில் நாற்று, உரம், குச்சி, கயிறு எதுவும் சேரவில்லை. என் கூலியும் சேரவில்லை. அந்தக் கடைசி வரியைத்தான் புதியவர்கள் யாருமே எழுதுவதில்லை. உங்கள் கூலியை எழுதுங்கள்.

ஜெயந்தி, ஜாலஹள்ளி: முறையாகப் பயிற்சி எங்கே கிடைக்கும்? ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

காசு கட்டுவதற்கு முன் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள், கேவிகே என்றால் எல்லாருக்கும் தெரியும். தோட்டப்பயிர் என்றால் ஹெசரகட்டாவில் ஐஐஎச்ஆர் என்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அர்கா ரக்ஷக் தக்காளி அவர்கள் ரகம்தான். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் வருடா வருடம் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சி நடக்கும், ஒரு நாளாவது முழுதாகச் சுற்றுங்கள். இதெல்லாம் பாதிதான். மீதிக்கு ஒரு விவசாயியைப் பிடித்து ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் போய் வேலை செய்யுங்கள், போட்டோ எடுக்க இல்லை, களை எடுக்க.

பிரபு: எந்தப் பயிரில் நல்ல லாபம்?

முரளிக்குச் சொன்னதேதான்.

கார்த்திக், மாரத்தஹள்ளி: மாலூரில் மூன்று ஏக்கர் பத்து வருடக் குத்தகைக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர், வாய்ப்பேச்சுதான். போர்வெல் போட்டு, வேலி போட்டு, மா வைக்கலாமா?

வேண்டாம். கர்நாடகத்தில் 1961 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ராணுவத்தில் இருப்பவர் போன்ற சில விலக்கு தவிர, விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடவே கூடாது. 2020 திருத்தத்தில் விவசாயி அல்லாதவரும் வாங்கலாம் என்று வந்தது, அதைக் குத்தகைக்கும் சேர்த்துப் படித்துக்கொள்ளாதீர்கள். நிலத்துக்காரர் ஏன் எழுதித் தரமாட்டேன் என்கிறார் தெரியுமா? 1974இல் முதலமைச்சர் தேவராஜ் அரஸ் காலத்தில் குத்தகை நிலம் அரசிடம் போய், உழுதவர் பெயருக்கு வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ரங்கநாதன், ஜெயநகர்: பயம் இல்லை அம்மா, அனுபவம். என் தாத்தா ஆறு ஏக்கர் இழந்தார்.

மாரியம்மாள், கோலார்: என் தாத்தா அந்தச் சட்டத்தால்தான் முதல்முதலாக நிலம் பார்த்தார். அவர் உழுதது நாற்பது வருடம் ஐயா. இழந்தது யார் என்று சொல்லுங்கள்.

ரங்கநாதன்: உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. விதவை, சிறு நிலத்துக்காரர் என்று எத்தனை பேர் அதில் மாட்டினார்கள் என்கிறேன்.

மாரியம்மாள்: இப்போது ஐடி ஆட்கள் வந்து விலையை ஏற்றிவிட்டதில் எங்கள் பிள்ளைகள் பக்கத்து ஒரு ஏக்கரைக்கூட வாங்க முடியவில்லை. அதற்கும் ஒரு கேள்வி பதில் போடுங்கள் அக்கா.

இந்த ஒரு பேச்சுக்கே ஐம்பது பேர் பதில் எழுதிவிட்டீர்கள். ரங்கநாதன் ஐயா, எனக்கு மாரியம்மாள் பக்கம்தான் நியாயம் அதிகம் தெரிகிறது, உங்கள் வீட்டு வருத்தம் பொய் என்று அர்த்தம் இல்லை. மாரியம்மா, கடைசியில் சொன்னது சுடுகிறது, நானும் வெளியில் இருந்து வந்து வாங்கியவள்தான். கார்த்திக்குக்கு ஒரே விஷயம்: பிடுங்கி எடுத்துக்கொண்டு போக முடியாத எதையும் அடுத்தவர் நிலத்தில் வைக்காதீர்கள். சொட்டு நீர்க் குழாயைச் சுருட்டி எடுக்கலாம், போர்வெல்லைச் சுருட்ட முடியாது. ஓசூர்ப் பக்கம் தமிழ்நாட்டுச் சட்டம் வேறு. எங்கே எடுத்தாலும் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நவீன்: கிசான் கிரெடிட் கார்டில் பயிர்க்கடனுக்கு வட்டி எவ்வளவு?

3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீதம், நாள் தவறாமல் கட்டினால் 4. நாள் தவறாமல் என்பதை இரண்டு தடவை படியுங்கள்.

விக்னேஷ்: சம்பளத்தை விவசாய வருமானமாகக் காட்டலாமா?

கூடாது. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அனிதா: வேலையை விட்டுவிட்டேன், 30 லட்சம் இருக்கிறது, எந்தப் பயிர்...

யாரிடம் விற்பீர்கள்? யாரிடம்? 30 லட்சத்தில் இரண்டு வருட வீட்டுச் செலவை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். மிச்சத்தைப் பற்றி அடுத்த மாதம் பேசுவோம்.

தேவி, எலக்ட்ரானிக் சிட்டி: அக்கா, போன தடவை நீங்கள் சொன்னபடி அபார்ட்மென்டில் கேட்டுவிட்டேன். இங்கே கடைகளில் பாலக், சப்பசிகே என்ற சதகுப்பைக் கீரை, வெந்தயக் கீரைதான், சிறுகீரையும் அரைக்கீரையும் மணத்தக்காளியும் வாரம் ஒரு கட்டு வேண்டும் என்று 22 தமிழ் வீடுகள் சொல்லியிருக்கின்றன. விதை வாங்கலாமா?

வாங்குங்கள்! மொத்தமாக விதைக்காதீர்கள். சிறுகீரை இரண்டு சென்ட், ஏழு நாள் கழித்து இன்னொரு இரண்டு சென்ட், அப்படியே வாரா வாரம். இல்லையென்றால் ஒரே சனிக்கிழமையில் எல்லாம் தயாராகி நிற்கும், அடுத்த வாரம் வெறுங்கை. அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும், அதற்கு ஒரு பாத்தி போதும். மழை நாளில் கழுவினால் தண்ணீர் வடிந்த பிறகுதான் கட்டுங்கள், ஈரத்தோடு கட்டினால் லிஃப்டு ஏறுவதற்குள் அழுகிவிடும்.