சொல் கேளுங்கள்: ‘மொக்கை’க்கும் ‘கலாய்’க்கும் அகராதியில் இடம் உண்டா?

மாணவர்களின் கட்டுரைகளில் ‘செம’, ‘கெத்து’, ‘மொக்கை’ என்று வந்தால் சிவப்பு மையால் அடிக்கிறேன். இவையெல்லாம் அகராதியிலேயே ஏறிவிட்டால் நான் எதைக் காட்டித் திருத்துவது? – ஒரு தமிழாசிரியர்

தாராளமாக அடியுங்கள் ஐயா. தேர்வுக் கட்டுரையில் ‘கெத்து’ வரக்கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் அதைத் திருத்த உங்களுக்குக் கைகொடுக்கப்போவதே அகராதிதான். சொல்லுக்குப் பக்கத்தில் ‘பேச்சு வழக்கு’ என்றோ ‘கொச்சை’ என்றோ ஒரு குறிப்பு இருந்தால், “இது வீட்டிலும் நண்பர்களிடமும் பேசுகிற சொல், இங்கே வேண்டாம்” என்று பையனிடம் புத்தகத்தைத் திறந்தே காட்டலாம். அகராதியில் இல்லாத சொல்லை எதை வைத்துத் தடுப்பீர்கள்? “அப்படி ஒரு வார்த்தையே கிடையாது” என்றால், நாள் முழுக்க அதைப் பேசுகிற பிள்ளை நம்பாது.

அகராதியில் இருப்பது எல்லாம் நல்ல தமிழ் என்று ஒரு நினைப்பு நமக்கு ஊறிப்போயிருக்கிறது. புழங்குகிற சொல்லைப் பதிவு செய்வதும் யார், எங்கே, எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்று சொல்வதும்தான் அகராதியின் வேலை. நற்சான்று வழங்குவது அதன் வேலை இல்லை.

இதற்கு நம் இலக்கணமே துணை நிற்கிறது. ‘கடிசொல் இல்லை காலத்துப் படினே’ என்கிறது தொல்காப்பியம். காலத்தில் வழக்குக்கு வந்துவிட்டால் வேண்டாம் என்று ஒதுக்கத்தக்க சொல் எதுவும் இல்லை என்பது பொருள். நன்னூல் இன்னும் நெருங்கி வருகிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, அதைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர்கள் ஆடையைக் ‘காரை’ என்பதும் அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணங்கள். அன்றைய தொழிலாளிகளின் சங்கேதச் சொல்லை இலக்கண ஆசிரியர்கள் குறித்து வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. விடுதி மாணவர்களின் சொல்லை நாம் ஏன் விட்டுவிட வேண்டும்?

எத்தனை வருஷம் புழங்கினால் ஒரு சொல் அகராதிக்குள் போகும்? அதற்கு விதி ஏதும் உண்டா? – ஒரு கல்லூரி மாணவி

இத்தனை வருஷம் என்று பொது விதி எதுவும் இல்லை அம்மா. நான் பார்ப்பதைச் சொல்கிறேன். முதலில் அந்தச் சொல் அது பிறந்த கூட்டத்தைத் தாண்டியிருக்கிறதா? அப்புறம் தமிழ்ச் சொல்லாக நடந்துகொள்கிறதா? ‘கலாய்’ கலாய்த்தான், கலாய்க்காதே, கலாய்ப்பு என்று எல்லா விகுதியையும் ஏற்று, வினையாகவும் பெயராகவும் நடமாடுகிறது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் பொருள் எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். ‘கேலி செய்’ என்று மட்டும் போட்டால் போதாது. கேலி ஒருவரைப் புண்படுத்தவும் செய்யும். கலாய்ப்பதில் பெரும்பாலும் ஒரு நட்பு உரிமை இருக்கிறது, கூட ரசிக்க நாலு பேரும் இருப்பார்கள். சரி, ‘நண்பரை அவர் முன்னிலையில்’ என்று எழுதலாமா? எழுதினால், முன்பின் தெரியாத நடிகரையும் அரசியல்வாதியையும் மீம் போட்டுக் கலாய்ப்பது வெளியே நின்றுவிடும். நான் இப்படி எழுதுவேன்:

கலாய் (வினை, பேச்சு வழக்கு, பெரும்பாலும் இளைஞரிடையே): ஒருவரை மற்றவர்கள் ரசிக்கும்படி விளையாட்டாகக் கேலி செய்தல். ‘புதுச் சட்டை போட்டு வந்தவனை எல்லாரும் சேர்ந்து கலாய்த்துவிட்டார்கள்.’

‘கலாய்’ என்ற சொல்வடிவம் புதிதும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டுங்கள். அங்கே ‘கலாய்த்தல்’ உண்டு. பொருள் சினத்தல், கலகித்தல். ‘மொக்கை’யும் அப்படித்தான். கத்தி மொக்கையாகிவிட்டது என்று கூர் மழுங்கியதைச் சொல்வது பழைய வழக்கு, சுவாரசியம் இல்லாத படத்தைச் சொல்வது இன்றைய வழக்கு. புதுச் சொல் என்று நாம் சண்டை போடுகிற பலவும் பழைய சொல்லின் புதுப் பொருள்தான். அகராதியில் அவற்றுக்குத் தனிக் கதவு திறக்க வேண்டியதில்லை, ஒரு ‘2’ போட்டு அடுத்த பொருளை எழுதினால் போதும்.

வசைச் சொற்களையுமா? குழந்தைகள் புரட்டுகிற புத்தகம் அல்லவா? – ஒரு தாய்

பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறு அகராதியில் வேண்டாம், அதைத் தொகுக்கும் நோக்கமே வேறு. பேரகராதியில் கட்டாயம் வேண்டும். பழைய கதையில் ‘கஸ்மாலம்’ என்று ஒரு பாத்திரம் திட்டும்போது, அது எவ்வளவு கடுமையான வசை என்று இன்றைய வாசகருக்குத் தெரிய வேண்டாமா? சாதியையோ உடற்குறையையோ வைத்து இழிவுபடுத்தும் சொல்லாக இருந்தால் ‘இழிவுப் பொருளது, தவிர்க்க வேண்டியது’ என்ற எச்சரிக்கையைப் பொருளுக்கு முன்னாலேயே போட வேண்டும். அந்த எச்சரிக்கை இல்லாமல் அச்சிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஆங்கிலத்தில் மட்டும் புதுச் சொற்கள் உடனுக்குடன் சேர்கின்றனவே, நமக்கு ஏன் இத்தனை தாமதம்? – ஒரு வாசகர்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் புதுச் சொற்களைச் சேர்க்கிறது. நம்முடைய ‘ஐயோ’கூட 2016-இல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு அங்கே உண்டு. இங்கே, க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992, 2008, 2020 என மூன்று பதிப்புகள் கண்டது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 16 ஆண்டு, 12 ஆண்டு. அந்த இடைவெளியில் ஒரு மாணவத் தலைமுறையின் சொற்கள் பிறந்து, ஊரெல்லாம் சுற்றி, சுவடில்லாமல் போய்விடும். எனக்கு இதில்தான் ஆற்றாமை. தமிழுக்கு ஆட்கள் இல்லாமல் இல்லை, ஆண்டு முழுக்க உட்கார்ந்து சொல் சேகரிக்கச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம்தான் வேண்டும். தனி மனிதர்கள் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள், கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார்.

‘கிரிஞ்ச்’, ‘பூமர்’ இரண்டையும் சேர்ப்பீர்களா? – அதே கல்லூரி மாணவி

‘பூமர்’ இப்போதே நான் சொல் குறித்துவைக்கும் அட்டையில் ஏறிவிட்டது. ‘பூமர் மாதிரி பேசாதே’ என்று முப்பது வயதுக்காரரையும் சொல்கிறார்கள், ஆங்கிலத்தின் தலைமுறைக் கணக்கு இங்கே உதிர்ந்து, அறிவுரை சொல்பவர் என்ற பொருள் நிற்கிறது. பார்ப்பவரையே கூச வைப்பதைச் சொல்லும் ‘கிரிஞ்ச்’ இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். நீங்களும் எழுதி அனுப்புங்கள். சொல்லை மட்டும் அனுப்பாமல், அது வந்த முழு வாக்கியம், சொன்னவர் வயது, யாரிடம் சொன்னார் என்ற விவரம், கேட்ட மாதம் நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.